முகவரி ஒன்று, மூலை ஏழு: குற்றவாளி கஸ்டமர் இல்லை, டேபிள்!

மகா ஜனங்களே, இது கொஞ்சம் சூடான பதிவு. கொஞ்சம் டெக்னிகலாகவும் இருக்கும். பயப்பட வேண்டாம், நானே பி.காம் தான் :-)

வேலை நிமித்தம் ஊர் ஊராக மாறுகிற தமிழ்க் குடும்பங்களுக்கு இது தெரிந்த கதைதான். சேமிப்புக் கணக்கில் முகவரி மாற்றிக் கொடுப்பீர்கள். லாக்கர் வாடகை நோட்டீஸ் பழைய வீட்டுக்கே போகும். அதையும் மாற்றினால் ஏ.டி.எம். கார்டு கும்பகோணத்தில் பூட்டிய வீட்டுக்குப் போய்த் திரும்பி வரும். கவுண்டரில் கேட்டால், "சார், அது வேற சிஸ்டம்" என்பார்கள். கவுண்டருக்கு உள்பக்கம் இத்தனை வருடம் உட்கார்ந்திருப்பவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: அது பதில் இல்லை, தட்டிக் கழிப்பு.

உண்மையான பதில் இதுதான். உங்கள் முகவரி என்கிற ஒரே ஒரு தகவலை ஏழு டேபிளில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஏழையும் ஒருசேர மாற்ற வழி செய்யவில்லை. இது கம்ப்யூட்டரின் குற்றம் இல்லை. டேபிள் போட்டவர்களின் குற்றம். அதைவிட, டேபிள் போடும்போது பக்கத்தில் உட்கார மறுத்த என்னைப் போன்ற அதிகாரி வர்க்கத்தின் குற்றம்.

இதற்கு மருந்து புதிதும் இல்லை. ஐ.பி.எம்.மில் இருந்த எட்கர் காட் என்ற கணித மேதை 1970-லேயே எழுதிவிட்டார். பெரிய, பலரும் பகிர்ந்துகொள்ளும் 'டேட்டா பேங்க்'குகளுக்கான முறை என்று கட்டுரையின் தலைப்பிலேயே பேங்க் இருக்கிறது! அதைத் தொடர்ந்து அவர் வகுத்ததுதான் நார்மலைசேஷன். பிள்ளைகள் பரீட்சைக்கு முதல் நார்மல் பார்ம், இரண்டாவது, மூன்றாவது என்று உருப்போடுவார்கள். சாரம் ஒரு வரி: ஒரு தகவல், ஒரே இடம்.

கணக்குப் பட்டியலில் ஒவ்வொரு கணக்கின் பக்கத்திலும் கிளையின் பெயர், முகவரி, போன் எண் எழுதி வைத்தால் என்ன ஆகும்? போன் மாறினால் பத்தாயிரம் வரிகளைத் திருத்த வேண்டும். பாதியில் கரண்ட் போனால் பாதிப் பேருக்குப் பழைய எண். இன்று திறந்த கிளையில் இன்னும் கணக்கே இல்லையென்றால் அதை எழுத இடமே கிடையாது. ஒரு கிளையின் கடைசிக் கணக்கை நீக்கினால் கிளையின் போன் நம்பரும் சேர்ந்து காணாமல் போகும். கணக்கில் கிளையின் குறியீட்டு எண்ணை மட்டும் வைத்துவிட்டு, மற்றதைக் கிளைப் பட்டியலில் ஒரே தடவை எழுதினால் மூன்று தொல்லையும் தீர்ந்தது. குறிப்பேட்டில் பேரேட்டுப் பக்க எண் எழுதி வைப்போமே, அதேதான். அம்புட்டுதான் மேட்டர்.

"சார், நீங்க காமர்ஸ் ஆளாச்சே, இரட்டைப் பதிவு முறையில் எல்லாத்தையும் ரெண்டு தடவைதானே எழுதறீங்க?" என்று ஒரு இளைஞர் என்னை மடக்கப் பார்த்தார். நல்ல கேள்வி. ஆனால் அங்கே நாம் ஒரே தகவலை இரண்டு தடவை எழுதுவதில்லை. ஒரு வவுச்சரின் இரண்டு பக்கங்களை, பற்று என்றும் வரவு என்றும் எழுதுகிறோம். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று இருப்பாய்வு போட்டுப் பார்க்கிறோம். ஏழு இடத்தில் கிடக்கும் உங்கள் முகவரிக்கு யார் இருப்பாய்வு போடுகிறார்கள்? திரும்பி வந்த தபால்தான் போடுகிறது.

நிற்க. இப்போது நாமினி விஷயத்துக்கு வருவோம். வெகுகாலம் ஒரு டெபாசிட்டுக்கு ஒரு நாமினிதான். அதனால் கணக்கு டேபிளிலேயே 'நாமினி பெயர்' என்று ஒரு கட்டம் போட்டால் போதும் என்று எவரும் நினைக்கலாம். 2025 நவம்பர் 1 முதல் சட்டம் மாறிவிட்டது. ஒரு டெபாசிட் கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். ஒரே சமயத்தில் பங்கு பிரித்தும் கொடுக்கலாம், ஒருவருக்குப் பின் ஒருவர் என்றும் வைக்கலாம். இதற்கு நாமினி1, நாமினி2, நாமினி3, நாமினி4 என்று நான்கு கட்டம் சேர்ப்பது சோம்பேறி வைத்தியம். பங்கு நூறு சதவீதம் வருகிறதா என்று பார்க்க நான்கு கட்டத்தையும் துழாவ வேண்டும். "இந்த அம்மா எந்தெந்தக் கணக்கில் நாமினி?" என்று தேட வேண்டுமானால் நான்கு தடவை தேட வேண்டும். நாளை சட்டம் ஆறு பேர் என்றால் மறுபடி உடைக்க வேண்டும். நாமினிகளுக்குத் தனி டேபிள்; கணக்கு எண், நாமினி, பங்கு, வரிசை என்று ஆளுக்கு ஒரு வரி. முதல் நார்மல் பார்ம் கேட்பது இவ்வளவுதான்.

அடுத்தது நம் பெயர். முருகேசன் மகன் செல்வம் என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஊரில் அவர் மு. செல்வம். பான் அட்டைக்கான பழைய 49ஏ படிவமோ, கடைசிப் பெயர், முதல் பெயர், நடுப்பெயர் என்று கட்டம் போட்டு, இனிஷியல் எழுதக் கூடாது என்றது. அங்கே செல்வம் முருகேசன். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலி, வெறும் செல்வம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு எமிரேட்ஸ் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவுக்கு வருகிறவர்களை அனுமதிக்க மாட்டோம் என்று அறிவித்தபோது நம்மவர்கள் பதறியது நினைவிருக்கும். வடக்கே ஆபீசில் அவரை 'முருகேசன் ஜி' என்று கூப்பிடுவார்கள், அப்பா ஊரில் புரையேறுவார் :-)

குடும்பப் பெயர் இல்லாதது நம் குறையா? இல்லவே இல்லை. உலகத்தில் எல்லோருக்கும் குடும்பப் பெயர் உண்டு என்று நினைத்துக் கட்டம் போட்டவரின் குறை. முழுப் பெயருக்கு ஒரு கட்டம், தந்தை பெயருக்கு ஒரு கட்டம் போதும். பெயரை வைத்து ஆளை அடையாளம் காண்பதும் தப்பு. அதற்குத்தான் தனி எண். ஒரு வாடிக்கையாளருக்கு ஒரே அடையாள எண் கொடுங்கள் என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. அதைச் செய்யாத இடத்தில் ஒரே செல்வம் மூன்று ஆளாக உலாவுவார். அவர் காலமான பிறகு மனைவிக்கு ஒரு டெபாசிட் தெரியும், மற்ற இரண்டு தெரியாது. பத்து வருடம் யாரும் கேட்காத பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போகிறது. 2024 மார்ச் முடிவில் அந்த நிதியில் 78,000 கோடி ரூபாய்க்கு மேல். எல்லாம் மோசமான டேபிளால் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு ஆளின் கணக்குகளை ஒரு நூலில் கோத்து வைத்திருந்தால், அந்த மனைவி கிளை கிளையாக அலைய வேண்டாம்.

சரி, என்ன செய்யலாம்? படம் போடுங்கள். 1976-ல் பீட்டர் சென் காட்டிய வழி அது. வாடிக்கையாளர் ஒரு பெட்டி, கணக்கு ஒரு பெட்டி, முகவரி ஒரு பெட்டி, நடுவில் கோடு. கோட்டின் இரண்டு முனையிலும் ஒரே கேள்வி: ஒன்றா, பலவா? ஒரு ஆளுக்குப் பல கணக்கு. ஜாயின்ட் அக்கவுண்ட்டில் ஒரு கணக்குக்குப் பல ஆள். அப்படியானால் நடுவில் 'கணக்குதாரர்' என்று இன்னொரு பெட்டி வேண்டும், முதல் பெயர் யார், இரண்டாம் பெயர் யார் என்பதெல்லாம் அதில்தான் உட்கார வேண்டும். ஒரு ஆளுக்கு எத்தனை முகவரி? சொந்த ஊர் ஒன்று, குடியிருக்கும் ஊர் ஒன்று. ஒரே கட்டம் வைத்தால் புனே வந்ததும் கும்பகோணம் அழிந்துபோகும். இந்தக் கேள்விகளுக்குப் பதில் புரோகிராமருக்குத் தெரியாது. வங்கிக்காரனுக்குத்தான் தெரியும். ஆகவே 'அது ஐ.டி. டிபார்ட்மெண்ட் வேலை' என்று கைகழுவுகிற அதிகாரிகளே, ஒரு வெள்ளைத்தாள், ஒரு பென்சில், அரை நாள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

எதிர்க்கட்சி வாதமும் தெரியும். "டேபிளைப் பிரித்தால் ஒட்டவைக்க நேரமாகும், சிஸ்டம் மெதுவாகும்." ரிப்போர்ட்டுக்காகத் தனியாக ஒரு நகல் எடுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் மூலம் எது, நகல் எது என்று தெரிந்து எடுங்கள். இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். போன வருடம் அனுப்பிய டிராப்டில் அன்றைய முகவரிதான் இருக்க வேண்டும். அது அந்த டிராப்டைப் பற்றிய தகவல், அதைத் திருத்தக் கூடாது. வேகம் கருதி யோசித்து நகல் வைப்பது வேறு, யோசிக்காமல் ஏழு இடத்தில் கொட்டுவது வேறு.

ஐ.டி.யில் இருக்கும் தம்பி தங்கைகளே, நார்மலைசேஷன் இன்டர்வியூ கேள்வி மட்டும் இல்லை. நீங்கள் போடும் ஒரு கட்டத்துக்காக உங்கள் அம்மாவே ஒரு நாள் வரிசையில் நிற்க வேண்டிவரும். வாடிக்கையாளர்களே, அடுத்த தடவை "அது வேற சிஸ்டம்" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். என் எல்லாக் கணக்கும் ஒரே வாடிக்கையாளர் எண்ணில் இருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் பின்னூட்டத்தில் வந்து மொத்தலாம். ஹெல்மெட் ரெடி.