பாலக்கீரையா, முருங்கைக்கீரையா? யாருக்கு என்று முதலில் கேளுங்கள்

சிறுநீரகவியல் புறநோயாளர் பிரிவில் மாத்திரைகளைப் பற்றி எழும் கேள்விகளைவிடக் கீரைகளைப் பற்றி எழும் கேள்விகளே மிகுதி. அவற்றுள்ளும் அடிக்கடி வருவது, பாலக்கீரை நல்லதா, முருங்கைக்கீரை நல்லதா என்பது. கேட்பவர் பெரும்பாலும் நோயாளி அல்லர், அவருக்குச் சமைப்பவர். மனைவியோ மகளோ மருமகளோ கைப்பேசியைத் திறந்து, யாரோ அனுப்பிய பட்டியல் ஒன்றைக் காட்டுவார். ஒரு பக்கம் பாலக், மறுபக்கம் முருங்கை, நடுவே எண்கள். வரிக்கு வரி ஒரு கீரை வெல்லும், மற்றது தோற்கும்.

எண்களை ஒதுக்கிவிட வேண்டும் என்பது என் கருத்தன்று. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்து அட்டவணை நம்பத்தக்கது. அதன்படி 100 கிராம் பச்சை முருங்கை இலையில் புரதம் சுமார் 6.4 கிராம், கால்சியம் 314 மி.கி., இரும்பு 4.5 மி.கி., வைட்டமின் சி 108 மி.கி. அதே எடை பாலக்கில் புரதம் 2.1 கிராம், கால்சியம் 82 மி.கி., இரும்பு 3 மி.கி., வைட்டமின் சி 30 மி.கி. வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டினிலும் முருங்கை பன்மடங்கு முன்னிற்கிறது. ஃபோலேட் சத்தில் மட்டும் பாலக் மூன்று மடங்குக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. சிறுநீரகம், இதயம் இரண்டும் நலமாக உள்ள ஒருவர் என்னைக் கேட்டால், வீட்டு முற்றத்தில் மரம் இருக்கும்போது பாலக்கைத் தேடிக் கடைக்குச் செல்ல வேண்டியதில்லை என்றே சொல்வேன்.

எனினும் இந்த எண்களைச் சற்றுத் தட்டிப் பார்க்க வேண்டும். பாலக்கின் எடையில் ஏறத்தாழ 90 விழுக்காடு நீர். முருங்கை இலையில் நீர் 76 விழுக்காடுதான். எனவே 100 கிராம் பாலக்கில் உலர்பொருள் 10 கிராம், முருங்கையில் 24 கிராம். உலர்பொருளைக் கொண்டு கணக்கிட்டால் புரதத்தில் இருந்த மூன்று மடங்கு இடைவெளி மிகச் சுருங்கிவிடுகிறது. இரும்பிலோ பாலக்கே முந்திக்கொள்கிறது. மேலும், ஒரு கட்டுப் பாலக்கை ஒருவரே எளிதாக உண்டுவிடலாம். வதக்கினால் அது ஒரு கைப்பிடியாகச் சுருங்கிவிடும். முருங்கை இலையைக் காம்பு நீக்கி உருவியவர்களுக்குத்தான் 100 கிராம் என்பது எவ்வளவு நேரத்து வேலை என்று தெரியும். அட்டவணை சம எடையை ஒப்பிடுகிறது; இலையில் பரிமாறப்படுவதோ சம எடையாக இருப்பதில்லை.

பெயரிலும் ஒரு குழப்பம் உண்டு. ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்குவோர் பாலக்கைப் ‘பசலைக்கீரை’ என்று எழுதிவிடுகின்றனர். நம் வீட்டு வேலியில் படரும் கொடிப்பசலை வேறொரு தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது. உங்களுக்கு வரும் பட்டியலில் ‘பசலை’ என்றிருந்தால் எந்தப் பசலை என்று கேட்ட பிறகே அதைப் படியுங்கள்.

இனி நான் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். அட்டவணை கீரையில் இருப்பதைச் சொல்கிறது. உடலுக்குள் சேர்வதைச் சொல்வதில்லை. பாலக்கில் ஆக்சலேட் என்னும் பொருள் மிகுதி. அது கால்சியத்தை இறுகப் பற்றிக்கொள்வதால் பாலக்கின் கால்சியத்தில் சுமார் 5 விழுக்காடே குடலால் உறிஞ்சப்படுகிறது என்று 1988ஆம் ஆண்டின் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. அதே ஆய்வில் பாலின் கால்சியம் 27 விழுக்காட்டுக்கு மேல் உறிஞ்சப்பட்டது. கால்சியம் கிடைக்காமல் போவது சிறு இழப்புதான். கால்சியத்தோடு சேராமல் தனித்து நிற்கும் கரையும் ஆக்சலேட் இரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தின் வழியே வெளியேற முற்படுவதுதான் பெரிய சிக்கல். அங்கே அது கால்சியத்தைக் கண்டால் படிகமாகிறது. நம் ஊரில் மிகுதியாகக் காணப்படும் சிறுநீரகக் கற்கள் கால்சியம் ஆக்சலேட் கற்களே.

இந்தியக் கீரைகள் பதினொன்றை ஆராய்ந்த 2008ஆம் ஆண்டின் ஆய்வு ஒன்று, பாலக், தண்டுக்கீரை இனங்கள், சேம்பிலை ஆகியவற்றில் ஆக்சலேட் மிகுதி என்று கண்டது. முருங்கை, கறிவேப்பிலை, வெந்தயக்கீரை, கொத்தமல்லி ஆகியவற்றில் இருந்ததோ கரையாத வகை மட்டுமே. கரையாத ஆக்சலேட் பெரும்பாலும் மலத்தோடு போய்விடும். எனவே கல் உருவாகும் இயல்புடையவருக்கு முருங்கை பாலக்கைவிடப் பாதுகாப்பானது என்பதில் எனக்கு ஐயமில்லை. இந்த ஒரு வரி கைப்பேசிப் பட்டியல்கள் எவற்றிலும் என் கண்ணில் பட்டதில்லை.

அறுபதை நெருங்கும் நீரிழிவு நோயாளி ஒருவர் எங்களிடம் தொடர்ந்து வந்துகொண்டிருந்தார். அவருடைய கிரியேட்டினின் ஓராண்டாக 2.1 என்ற அளவிலேயே நின்றிருந்தது. ஒருமுறை அது 4.3 ஆக உயர்ந்திருந்தது. வலி மாத்திரை இல்லை, நாட்டு மருந்து இல்லை, காய்ச்சலும் இல்லை. சிறுநீரகத் திசுவை எடுத்துப் பார்த்தபோது நுண்குழாய்களெங்கும் ஆக்சலேட் படிகங்கள். பிறகுதான் அவருடைய மனைவி சொன்னார்: ஐந்து வாரங்களாக நாள்தோறும் காலையில் இரண்டு கட்டுப் பாலக்கைப் பச்சையாக அரைத்து, நெல்லிச்சாறு கலந்து கொடுத்து வந்திருக்கிறார். விடியுமுன் உழவர் சந்தைக்குப் போய்ப் புதுக்கீரையாகத் தேர்ந்தெடுத்து வாங்கி வந்ததையும் சொன்னார். நெல்லியிலுள்ள வைட்டமின் சி மிகையானால் அதில் ஒரு பகுதியும் உடலில் ஆக்சலேட்டாகவே மாறும். சாற்றை நிறுத்தினோம். கிரியேட்டினின் இறங்கியது, ஆனால் 2.1க்குத் திரும்பவில்லை, 2.9இல் நின்றுவிட்டது. அந்த அம்மையாரிடம் நான் ஒன்றையே பலமுறை சொல்ல வேண்டியிருந்தது: அவர் செய்தது பிழையன்று, அவருக்குச் சொல்லப்பட்டதுதான் பிழை. அவர் அதை ஏற்றுக்கொண்டார் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இது அரிதான ஒரு நிகழ்வு என்று தள்ளிவிட வேண்டாம். கேரளத்தில் இரும்பன்புளி என வழங்கும் பிலிம்பிக்காயின் சாற்றைக் கொழுப்பு குறைய வேண்டும் என்று மிகுதியாகக் குடித்த பலருக்குச் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்ததை அங்குள்ள மருத்துவர்கள் 2013இல் பதிவு செய்துள்ளனர். காரணம் அதே ஆக்சலேட்தான். பொரியலாகவோ மசியலாகவோ உண்ணும்போது வயிறு ஓர் அளவுக்கு மேல் இடம் தராது. சாறாக்கினால் அந்தக் காவல் நீங்கிவிடுகிறது.

முருங்கைக்கு இதே ஆபத்து பொடியின் வடிவில் வருகிறது. ‘பாலைவிடப் பன்மடங்கு கால்சியம்’ என்று உறைமீது அச்சிடுகிறார்கள். உலர்ந்த பொடியில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 2,000 மி.கி. கால்சியம் இருப்பது உண்மைதான். ஆனால் ஒருவர் உண்பது ஒரு தேக்கரண்டி, அதாவது ஏறக்குறைய 5 கிராம். அதில் கிடைப்பது 100 மி.கி. ஒரு குவளைப் பாலில் 240 மி.கி. இருக்கிறது. விளம்பரத்தின் தந்திரம் இத்துடன் வெளிப்பட்டுவிடும். ஆனால் பொட்டாசியமும் அதே போலச் செறிந்திருக்கிறது என்பதை உறை சொல்வதில்லை. ‘சத்துதானே’ என்று நாளுக்கு நான்கைந்து கரண்டி சேர்க்கும் டயாலிசிஸ் நோயாளிக்கு அது விளையாட்டன்று. இரத்தத்தில் பொட்டாசியம் 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டும்; 6ஐத் தாண்டினால் இதயத் துடிப்பே தடுமாறலாம். டெல்மிசார்டான், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரைகளை உட்கொள்வோர் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். பச்சை இலையாக எடுத்துக்கொண்டால், 100 கிராம் பாலக்கில் பொட்டாசியம் 600 மி.கி.க்கு மேல், முருங்கையில் சுமார் 400 மி.கி.

இதனால் ‘கீரையே ஆகாது’ என்று ஒரே சொல்லில் தடை போடும் மருத்துவர்களோடும் நான் உடன்படவில்லை. அப்படிச் சொல்வது எளிது. புறநோயாளர் வரிசையும் விரைவாக நகரும். நார்ச்சத்து குறைந்து மலச்சிக்கல் ஏற்பட்டால் பொட்டாசியம் வெளியேறும் வழி ஒன்று அடைபடுகிறது என்பதை அந்தத் தடை மறந்துவிடுகிறது. செய்யத்தக்க வழி நம் அடுக்களையிலேயே இருக்கிறது. கீரையை நறுக்கி, மிகுதியான நீரில் கொதிக்கவிட்டு, அந்த நீரை வடித்து ஊற்றிவிட்டுப் பிறகு தாளியுங்கள். வேகவைப்பதால் கரையும் ஆக்சலேட் 30 முதல் 87 விழுக்காடு வரை குறைந்ததை ஆய்வு காட்டுகிறது. பொட்டாசியத்திலும் ஒரு பகுதி நீரோடு போகும். வைட்டமின் சியும் ஃபோலேட்டும் போகும்தான். சிறுநீரக நோயாளிக்கு அந்த இழப்பை வேறு வழியில் ஈடுசெய்யலாம். வீட்டில் மற்றவர்களுக்கு இப்படி வடிக்க வேண்டியதில்லை. எனவே ஒரே கீரையை இரண்டு பாத்திரங்களில் சமைக்க வேண்டியிருக்கும். அது கூடுதல் வேலை என்பதை அறிந்தே சொல்கிறேன். கல் பிரச்சினை உள்ளவர் பாலக்கை விரும்பினால், வடித்துச் சமைத்து, அதே வேளையில் தயிரோ பன்னீரோ சேர்த்து உண்ணலாம். அவற்றின் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இரத்தசோகையைப் பற்றி ஒரு சொல். கர்ப்பிணிகளுக்கு அரசுத் திட்டத்தில் நாள்தோறும் தரப்படும் மாத்திரையில் 60 மி.கி. இரும்பு உள்ளது. முருங்கையின் 4.5 மி.கி.யில் உடல் ஏற்பது மிகச் சிறு பங்கே. உணவுக்குப் பின் தேநீரோ காபியோ அருந்தினால் அதுவும் குறையும். சிறுநீரக நோயில் வரும் இரத்தசோகைக்கோ முதன்மைக் காரணம் எரித்ரோபொய்டின் என்னும் இயக்குநீர் குறைவது. எத்தனை கட்டுக் கீரையாலும் அதைச் சரிசெய்ய முடியாது. கீரையை நம்பி ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

இதய வால்வு மாற்றியவர்களும், அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் உட்கொள்பவர்களும் கேட்கிறார்கள். இரண்டு கீரைகளிலும் வைட்டமின் கே மிகுதி. அது அந்த மருந்துகளை எதிர்த்து நிற்கும். கீரையை முற்றிலும் விலக்க வேண்டியதில்லை. வாரத்துக்கு இரண்டு முறை உண்பவர் எல்லா வாரமும் இரண்டு முறையே உண்ணட்டும். மருந்தின் அளவு அந்த வழக்கத்துக்கேற்ப அமைந்துவிடும். ஒரு மாதம் கீரையே இல்லாமல் இருந்துவிட்டு அடுத்த மாதம் நாள்தோறும் உண்பதுதான் இரத்தப் பரிசோதனையின் ஐ.என்.ஆர். அளவைக் குலைக்கும்.

அடுத்த முறை வரும்போது மருந்துச் சீட்டோடு, வீட்டிலுள்ள பொடி டப்பாவையும் எடுத்து வாருங்கள். சாறு குடிப்பவரானால் எத்தனை கட்டு, எத்தனை நாள் என்று எழுதி வாருங்கள். எங்கள் உணவியல் ஆலோசகர் அவற்றை உங்கள் கிரியேட்டினின், பொட்டாசியம் அளவுகளோடு வைத்துப் பார்த்து, எந்தக் கீரை, வாரத்துக்கு எத்தனை முறை, வடித்தா வடிக்காமலா என்று சொல்வார். சமைப்பவரும் உடன் வந்தால் நல்லது.