ஏட்டின் ஓரத்திலே

ஆடி மாதத்துக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடிக்கு வராவிட்டால் என் மதினி என்னை மன்னிக்கவே மாட்டாள். "மாரியம்மன் கூப்பிட்டால்தான் வருவீர்களாக்கும்? மதினி கூப்பிட்டால் வரக் கூடாதாக்கும்?" என்று டெலிபோனிலேயே சண்டைக்கு வந்துவிட்டாள். சரி என்று மூட்டை கட்டினேன். சாத்தூரில் இறங்கிக் காராச்சேவும் வெள்ளரிப் பிஞ்சும் வாங்கிக்கொண்டு, அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகிற அந்த இடத்தில் ஜனசமுத்திரத்தில் நீந்தி, அம்மனைத் தரிசித்து வந்தாயிற்று.

ஆனால் நான் இன்று சொல்ல வந்தது கோயில் விஷயம் அல்ல. அன்று ராத்திரி வீட்டுத் திண்ணையில் கண்ட விஷயம்.

என் அண்ணன் மகள் பக்கத்து ஊரில் தமிழ் ஆசிரியை. சாப்பாடு முடிந்து எல்லாரும் கால் நீட்டி உட்கார்ந்திருக்க, அவள் மட்டும் மடியில் லாப்டாப்பை வைத்துக்கொண்டு தானாகச் சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

"என்னடி, ஏதாவது தொடர்கதையா?" என்றேன்.

"இல்லை அத்தை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பாட்டின் ஓரத்தில் எழுதியிருப்பதைப் படிக்கிறேன்."

"புஸ்தகத்திலா எழுதுகிறார்கள்?" என்று பதறிப் போனேன். பின்னே? என் காலத்தில் பாடப் புஸ்தகத்தில் பென்சிலால் ஒரு கோடு இழுத்தாலே முதுகில் ஒன்று விழும். சரஸ்வதி கோபித்துக்கொள்வாள் என்பது ஒரு காரணம். அடுத்த வருஷம் புஸ்தகத்தை அரை விலைக்கு விற்க வேண்டுமே என்பது அதைவிடப் பெரிய காரணம்!

அவள் சிரித்துவிட்டுத் திரையைக் காட்டினாள். 1998-ஆம் ஆண்டு தொடங்கி நம் பழைய நூல்களை எல்லாம் இணையத்தில் ஏற்றி வருகிறார்களே, மதுரைத் திட்டக்காரர்கள், அவர்களுடைய புறநானூறு அது. ஒரு சொல்லை விரலால் இழுத்துத் தேர்ந்தால் அதற்கு மஞ்சள் பூசினாற்போல் ஆகிறது. பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் திறக்கிறது. அதிலே கேள்வியோ, அர்த்தமோ, அபிப்பிராயமோ எழுதலாம். ஒருவர் எழுதியதற்குக் கீழே இன்னொருவர் பதில் எழுதலாம். மூல நூலில் ஓர் எழுத்துக்கூட மாறுவதில்லை. குறிப்பெல்லாம் வேறிடத்தில் சேமிக்கப்பட்டு, கண்ணாடித்தாள் போல மேலே வந்து நிற்கிறது. சரஸ்வதிக்கும் கோபமில்லை, அரை விலைக்கும் நஷ்டமில்லை!

இந்தக் கருவிக்கு 'ஹைபாதிஸிஸ்' என்று பெயராம். 2011-ல் அமெரிக்காவில் தொடங்கியது. இதைப் போல இன்னும் பல உண்டு. இணையம் பிறந்த புதிதில், 1993-லேயே, 'மொஸைக்' என்ற உலாவியைச் செய்தவர்கள் பலர் கூடிக் குறிப்பெழுதும் வசதியை வைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு கைவிட்டார்களாம். 2017-ல்தான் இதற்குப் பொதுவான விதிகள் வகுக்கப்பட்டன.

ஆனால் சகோதரிகளே, யோசித்துப் பார்த்தால் இது நமக்குப் புதிதா என்ன? திருக்குறளுக்குப் பரிமேலழகர் செய்தது என்ன? சீவக சிந்தாமணிக்கு நச்சினார்க்கினியர் செய்தது என்ன? பாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, 'இந்தச் சொல்லுக்கு இது பொருள்' என்று எழுதியதுதானே? உ. வே. சாமிநாதையர் 1894-ல் புறநானூற்றை அச்சிட்டபோது, முதல் 266 பாட்டுகளுக்கு ஒரு பழைய உரை கிடைத்தது. அதை எழுதிய மகாநுபாவர் யார் என்று இன்றுவரை தெரியாது. பேர் தெரியாத ஒருவர் ஓலையில் எழுதி வைத்ததை நம்பித்தான் நாம் இன்றைக்கும் அந்தப் பாட்டுகளைப் படிக்கிறோம். பள்ளிக்கூட நாளில் கோனார் உரையைக் கரைத்துக் குடித்தவர்களுக்கு இதை நான் விளக்கவும் வேண்டுமா?

வித்தியாசம் ஒன்றே ஒன்று. அப்போது பண்டிதர்கள் எழுதினார்கள், பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். இப்போது பிள்ளைகளே எழுதுகிறார்கள்.

நம் அரசுப் பாடப் புஸ்தகங்களில் 2018 முதல் விரைவுத் துலங்கல் குறி என்று கறுப்புக் கட்டம் ஒன்றை அச்சிடுகிறார்களே, அதைச் செல்போன் காமிராவால் பார்த்தால் படமும் பாட்டும் வரும். அது பிள்ளைகளுக்குக் காட்டுகிற கருவி. இதுவோ பிள்ளைகளைக் கேட்கிற கருவி. இரண்டும் ஒன்றல்ல.

அதற்காக எல்லாம் பிரமாதம் என்று நான் சொல்லவில்லை. முதல் வாரத்திலேயே வகுப்பில் ஒரு சங்கடம் நடந்திருக்கிறது. ஒரு பையன் ஆசையாகக் குறிப்பெழுத, எழுத்துப் பிழையைப் பார்த்துவிட்டு இன்னொருவன் கீழே 'மக்கு' என்று போட்டானாம். அதன் கீழே பத்துச் சிரிப்பு மூஞ்சிகள். வகுப்பில் யாராவது கேலி செய்தால் மணி அடித்ததும் மறந்து போகும். இது அழிக்கும் வரை நிற்குமே! பையன் ஒரு வாரம் கையே வைக்கவில்லை. அப்புறம்தான் என் மருமகள் ஒரு சட்டம் போட்டாள்: பிறர் குறிப்பின் கீழே கேள்வி கேட்கலாம், கூடுதலாக ஒன்று சொல்லலாம், தீர்ப்புச் சொல்லக் கூடாது. பிழை திருத்துவது அவள் வேலை, அதுவும் தனியாக.

"சரி, சிரித்தாய், புரிந்தது. அழுதாயே, அது எதற்கு?" என்றேன்.

அவள் ஒன்றும் சொல்லாமல் ஒரு குறிப்பைத் திறந்து காட்டினாள். பாட்டு, பாரி மகளிர் பாடியது. தந்தையை இழந்த பெண்கள் இருவரும் சென்ற மாதத்து நிலவையும் இந்த மாதத்து நிலவையும் நினைத்துப் பாடியது. வகுப்பில் கடைசி பெஞ்சில் ஒரு பெண். கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாளே தவிர, வாயைத் திறந்ததே இல்லையாம். அவளுடைய தகப்பனார் பட்டாசு வேலைக்குப் போனவர், விபத்தில் போய்விட்டார். நிலவு என்ற சொல்லின் மேல் மஞ்சள் பூசி அவள் எழுதியிருந்தாள்:

"எங்கள் வீட்டில் நிலா இல்லை, தீபாவளி. அதற்கு முந்தின தீபாவளிக்கு அப்பா இருந்தார். போன தீபாவளிக்கு இல்லை. இந்தப் பாட்டில் ஏன் அழுகை என்ற வார்த்தையே வரவில்லை என்று எனக்குத் தெரியும்."

எனக்கும் கண் மறைத்தது.

"இதை வகுப்பு முழுக்கப் பார்க்குமே, அடி?" என்று கேட்டேன்.

"எனக்கும் அதுதான் பயம், அத்தை. குறிப்பை 'எனக்கு மட்டும்' என்று மாற்றலாம் என்று மறுநாள் தனியாகக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு நிமிஷம் யோசித்தாள். 'இருக்கட்டும் டீச்சர்' என்று சொல்லிவிட்டாள்."

தாய்மார்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். உங்கள் வீட்டுப் பிள்ளை இப்படி எழுதுகிறது என்றால் மூன்று விஷயம் கேளுங்கள். எழுதுவதை யார் யார் பார்க்கலாம்? ஊருக்கே தெரியும்படியா, வகுப்புக்கு மட்டுமா? சொந்தப் பேரிலா, புனைபெயரிலா? பிடிக்காவிட்டால் பிள்ளையே அழிக்க முடியுமா? 2023-ல் வந்த தகவல் பாதுகாப்புச் சட்டமும், பதினெட்டு வயது நிரம்பாதவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. ஆகவே கேட்பதில் வெட்கமில்லை. உங்கள் உரிமை அது.

யந்திரம் இல்லாத வீட்டுக்கும் வழி உண்டு. சிவகாசி நோட்டு ஒன்றை எடுத்து ஓரத்தை மடித்துக் கொடுங்கள். ஒரு காலத்தில் பேனா முள்ளுக்குப் பேர் போன ஊர் சாத்தூர். பால்பாயிண்ட் பேனா வந்து அந்தத் தொழில் நொடித்துப் போயிற்று. முள் போனால் என்ன, எழுதுகிற கை இருக்கிறதே! ராத்திரி, "இன்றைக்கு ஓரத்தில் என்ன எழுதினாய், கண்ணு?" என்று கேட்டால் போதும். "எத்தனை மார்க்கு?" என்று கேட்பதைவிட அது நல்ல கேள்வி.

கிளம்புகிற அன்று மருமகள் இன்னொன்று சொன்னாள். அந்தப் பெண், "எங்கள் அம்மாவுக்கு இதைக் காட்ட முடியுமா, டீச்சர்?" என்று கேட்டாளாம். அம்மாவிடம் இருப்பதோ பட்டன் போன். அதனால் டீச்சரம்மாளே பாட்டையும் குறிப்பையும் ஒரு தாளில் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

அந்தத் தாய் அதை ரேஷன் கார்டு உறைக்குள் பத்திரமாக வைத்திருக்கிறாளாம்.