கைதட்டினால் போதுமா?

தீபாவளி நெருங்கினால் கம்பெனிக்காரர்கள் கல்யாண மண்டபம் பிடித்து நம் கடைப் பையன்களுக்கு ஊக்கக் கூட்டம் நடத்துகிறார்கள். பேச்சாளர் முழங்குகிறார், தொப்பி, பை, பிரியாணி. வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. வருடம் முழுக்க மூட்டை தூக்குகிறவனை ஒருநாள் நாற்காலியில் உட்கார வைப்பது நல்ல காரியமே.

ஆனால் அந்த உற்சாகம் எத்தனை நாள் நிற்கிறது? 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, ஷாம்பு, பற்பசைக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பழைய விலை அச்சிட்ட சரக்கை என்ன விலைக்குத் தருவீர்கள் என்று வாடிக்கையாளர் கேட்டபோது, முதலாளி கல்லாவில் இல்லாத கடைகளில் பையன்கள் விழித்தார்கள். கைதட்டக் கற்றவனுக்குக் கணக்கை யார் சொல்லித் தந்தார்கள்?

கூட்டம் முடிந்த மறுநாளிலிருந்து, காலையில் வியாபாரம் சூடுபிடிக்கும் முன் கால்மணி நேரம் ஒதுக்குவோம். ஒருநாள் எடை போடுவது, ஒருநாள் காலாவதித் தேதி பார்த்துப் பழைய சரக்கை முன்னால் அடுக்குவது, ஒருநாள் பில். முதலாளியே சொல்லித்தர வேண்டும். தொழில் பழகியதும் வேறு கடைக்குப் போய்விடுவான் என்று சிலர் தயங்குகிறார்கள். சொல்லித் தராவிட்டாலும் போகத்தானே செய்கிறான்!

கம்பெனிகளும் மண்டபச் செலவில் ஒரு பங்கைக் குறைத்து, மாதம் ஒருமுறை கடைக்கே ஆள் அனுப்பிப் பழக்கட்டும். சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதைப் பேச வேண்டுகிறோம்.