விச்சென்சாவில் பளிங்கு இல்லை

இத்தாலிக்குப் போய்விட்டு வந்தேன் என்றதும் நம் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி, “வெனிஸ்ல போட் ஏறுனியா?” இரண்டாவது, “சாயுற கோபுரத்த தாங்கிப் பிடிக்கிற மாதிரி போட்டோ எடுத்தியா?” இரண்டும் இல்லை என்றேன். அப்புறம் எதற்குப் போனாய் என்பதுபோல் பார்த்தார்கள். நான் போனது விச்சென்சாவுக்கு. அம்பாங்கில் என்னோடு வளர்ந்த ஒருவரும் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. டிக்கெட் கையில் வரும்வரை நானும் கேள்விப்பட்டதில்லை.

போனது வேலை விஷயமாக. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் முடித்துவிட்டு ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பொறியாளராக இருக்கிறேன். புதிதாக வாங்கிய இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டப் பழகிவரச் சொல்லி இரண்டு வாரம் அனுப்பினார்கள். வெனிஸிலிருந்து மிலான் போகும் ரயில் பாதையில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும் ஊர் அது. சுமார் 1 லட்சத்து 10 ஆயிரம் பேர்தான் வசிக்கிறார்கள். நம் அம்பாங் ஜெயா அதைவிடப் பெரியது. சாயங்காலம் பயிற்சி முடிந்ததும் நகரத்துக்குள் தனியாக நடப்பேன். முதல் நாளே வாயடைத்துப் போனேன். ஒரே தெருவில் வரிசையாக மாளிகைகள். தூண்கள், வளைவுகள், அளவெடுத்து வைத்தது போன்ற ஜன்னல்கள். கீழ்த்தளத்தில் மருந்துக் கடையும் வங்கியும் சாதாரணமாக நடந்துகொண்டிருந்தன. யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை, என்னைத் தவிர.

‘பணக்காரனுங்க, பளிங்குல கட்டிட்டானுங்க’ என்றுதான் நினைத்தேன். மூன்றாம் நாள் அந்த நினைப்பு போய்விட்டது. ஊரின் நடுச் சதுக்கத்தில் பழைய நகர மன்றக் கட்டடத்துக்கு எதிரே லோஜா தெல் காப்பித்தானியாத்தோ என்ற கட்டடம் நிற்கிறது. 1570-களின் தொடக்கத்தில் கட்டப்பட்டது. அதன் பெரிய தூண்களுக்குப் பக்கத்தில் போய் நின்றால் உள்ளே இருப்பது அப்படியே தெரிகிறது. செங்கல். சுட்ட களிமண். கையை வைத்துப் பார்த்தேன். நம் ஊர்ப் பழைய கடைவீட்டுச் சுவர் மாதிரியே இருந்தது.

அதைக் கட்டிய ஆந்திரேயா பல்லாடியோ 1508-ல் பதுவாவில் பிறந்தவர். அப்பா மாவு அரைக்கும் ஆலைக்காரர். மகனைப் பதின்மூன்று வயதில் கல்தச்சரிடம் வேலைக்குச் சேர்த்துவிட்டார். அந்தப் பையன்தான் பிறகு விச்சென்சாவுக்கு வந்து அந்த நகரத்தையே மாற்றினார். 1570-ல் அவர் வெளியிட்ட கட்டடக் கலை பற்றிய நான்கு நூல்கள் இங்கிலாந்து, அமெரிக்கா என்று உலகம் சுற்றின. ஆனால் அவர் கட்டிய மாளிகைகளில் பெரும்பாலானவை செங்கல்லால் ஆனவை. மேலே சுதைப் பூச்சு. கல் மாதிரி தெரிவதற்காக அதில் கோடு கீறியிருக்கிறார்கள். அசல் கல்லை நகர மன்றக் கட்டடத்தின் வெளிச்சுற்று போன்ற சில இடங்களுக்கு மட்டும் செலவழித்தார்கள். 1994-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துக்கொண்ட நகரத்தின் அழகில் பெரும்பகுதி செங்கல்லும் சுண்ணாம்பும்தான்.

செங்கல், சுதை. இந்த ஜோடியை வேறு எங்கே பார்த்திருக்கிறேன் என்று ஹோட்டலுக்குத் திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். நம் கோபுரங்கள். தமிழ்நாட்டுப் பெரிய கோபுரங்களில் கீழே கல், மேலே எழும் நிலைகளெல்லாம் செங்கல்லும் சுதையும். சுண்ணாம்போடு கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அரைத்த கைகள் நம் கைகள். சுதை மழையில் கரையும், வெயிலில் விரியும். அதனால்தான் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி, பாலாலயம், கும்பாபிஷேகம் என்று ஒரு முறையே வைத்தார்கள். என் தொழிலில் இதற்குத் தடுப்புப் பராமரிப்பு என்று பெயர். இயந்திரம் உடைவதற்கு முன்பே நாள் குறித்து நிறுத்தி, திறந்து, தேய்ந்ததை மட்டும் மாற்றி, மறுபடி ஓட்டுவது. அதைச் சடங்காகவே ஆக்கி வைத்திருந்த சமூகம் நாம்.

அப்படிப்பட்ட நாம்தான் ஐரோப்பாவுக்குப் போய்விட்டு வந்து “நம்ம ஊர்ல என்னா இருக்கு? எல்லாம் கொண்டோவும் மாலும்தான்” என்று பதிவு போடுகிறோம். மலேசியத் தமிழர் எழுதும் பயணக் கட்டுரைகளில் பாதி இந்தப் பெருமூச்சோடுதான் முடிகிறது. அந்தப் பெருமூச்சு எனக்கு எரிச்சலைத் தருகிறது. நம் ஊரில் இல்லாமல் இல்லை. இருந்தது. இருப்பதும் கொஞ்சம் உண்டு. அதை இடித்தவர்கள் யார் என்று கேட்காமல் விடுவதற்குத்தான் இந்தப் பெருமூச்சு வசதியாக இருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரே செங்கல்லிலிருந்து வந்தது. 1881-ல் கோலாலம்பூர் தீயிலும் வெள்ளத்திலும் அழிந்தபின் நகரத்தைச் செங்கல்லால் திருப்பிக் கட்டினார்கள். அதற்கான சூளைகள் இருந்த இடம் அது. பின்னால் அங்கே ரயில்வேக்காரர்கள் குடியேறினார்கள், அதில் நம்மவர்கள் ஏராளம். அவர்களுக்காகக் கட்டிய வரிசை வீடுகளை இன்றும் நூறு குவார்ட்டர்ஸ் என்றுதான் சொல்கிறோம்.

என் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். 1857-ல் கிள்ளானிலிருந்து ஆற்றில் வந்த 87 சீனத் தொழிலாளிகள் ஈயம் தேடி அம்பாங்குக்குத்தான் நடந்தார்கள். ஒரு மாதத்துக்குள் அவர்களில் பெரும்பாலோர் காய்ச்சலில் செத்தார்கள். மிஞ்சியவர்கள் 18 பேர். கோலாலம்பூர் என்ற நகரமே அம்பாங் லம்பத்துக்குப் போகும் வழியில் முளைத்ததுதான். ஈயத்தில் சம்பாதித்தவர்களும் வியாபாரிகளும் பின்னாளில் ஜாலான் அம்பாங்கில் வரிசையாக மாளிகை கட்டினார்கள். அந்த வரிசையில் ஒன்று போக் ஹவுஸ். சைக்கிள் அண்ட் கேரியேஜ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான சுவா செங் போக் கட்டியது, 1929-ல் முடிந்தது. விச்சென்சாவின் தெருவில் நிறுத்தினாலும் வெட்கப்படாது. தேசியப் பாரம்பரியச் சட்டம் 2006 மார்ச்சில் நடப்புக்கு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் போக் ஹவுஸை இடித்தார்கள். சட்டம் வந்து ஒன்பதாவது மாதம்! அப்போது நான் ஆரம்பப் பள்ளி மாணவன். பள்ளியில் யாரும் அதைப் பற்றிச் சொன்னதாக நினைவில்லை. படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

விச்சென்சாக்காரர்கள் என்ன செய்தார்கள்? 1496-ல் அவர்களுடைய நகர மன்றக் கட்டடத்தின் புது வெளித்தாழ்வாரத்தில் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. மொத்தமாக இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியிருக்கலாம். செய்யவில்லை. ஒவ்வொரு நிபுணராகக் கூப்பிட்டுக் கேட்டார்கள், சண்டை போட்டார்கள். 1549-ல்தான் பல்லாடியோவின் திட்டத்தை ஏற்றுக்கொண்டார்கள். பழைய கட்டடத்தை உள்ளேயே வைத்து, அதைச் சுற்றி வெள்ளைக் கல்லால் இரண்டு அடுக்குத் தாழ்வாரத்தைப் போர்த்தினார். அவர் 1580-ல் இறந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்துத்தான் வேலை முடிந்தது. 1945-ல் குண்டு விழுந்து கூரை எரிந்தபோது கூரையை மட்டும் திரும்பப் போட்டார்கள்.

அதே ஊரில் ஒலிம்பிகோ அரங்கம் இருக்கிறது. பல்லாடியோவின் கடைசி வேலை, 1585-ல் திறந்தார்கள். பழைய கோட்டைக்குள், சிறையாகவும் வெடிமருந்துக் கிடங்காகவும் இருந்த இடத்துக்குள் அதைச் செருகியிருக்கிறார்கள். மேடையில் தெரியும் ‘பளிங்கு’ நகரம் மரமும் சுதையும்தான். சிறைக்குள் நாடக அரங்கம்! எனக்குப் புடு ஜெயில் ஞாபகம் வந்தது. 1890-களில் கட்டிய அந்தச் சிறையின் நீண்ட மதிற்சுவரை 2010-ல் இடித்தார்கள், மிச்சத்தை 2012-ல். இன்று அங்கே பேரங்காடி. ஏர்கான் நன்றாக இருக்கிறது, நானும் போயிருக்கிறேன்.

இதுவரை படித்தவர்கள் தலையாட்டியிருப்பீர்கள். அரசாங்கத்தையும் மேம்பாட்டு நிறுவனங்களையும் திட்டினால் நமக்குப் பிடிக்கும். இனிமேல்தான் பிடிக்காத பகுதி.

பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா ஆசிரமம் 1904-ல் எழுந்த கட்டடம். 2014-ல் அந்த வளாகத்தில் அடுக்குமாடி கட்டும் திட்டம் வந்தபோது அதை முன்வைத்தது ஏதோ வெளியார் கம்பெனி இல்லை, ஆசிரமத்தின் அறங்காவலர்களே. எதிர்த்துத் தெருவில் நின்றதும் நம் மக்கள்தான். கூட்டம் சேர்ந்தது, கையெழுத்து வாங்கினார்கள், கடைசியில் அரசு அதைப் பாரம்பரியக் கட்டடமாக அறிவித்தது. இதில் இரண்டு பாடம் இருக்கிறது. இடிக்க நினைப்பவர்கள் நமக்குள்ளேயே இருக்கிறார்கள். சத்தம் போட்டால் காப்பாற்றவும் முடிகிறது.

ஆனால் கோயில் என்றால் யாரும் சத்தம் போடுவதில்லை. ‘ஜீரணோத்தாரணம்’ என்று பத்திரிகை அடித்துவிட்டு, பழைய கோயிலைத் தரைமட்டமாக்கி, சிமென்டில் இரண்டு மடங்கு பெரிதாக எழுப்புகிறோம். பழைய ஓடு, மரத்தூண், அந்தக் காலத்து ஆசாரி கையால் பிடித்த சுதைச் சிற்பம் எல்லாம் லாரியில் போகின்றன. பழுது பார்ப்பதற்காக ஏற்பட்ட பன்னிரண்டு ஆண்டுக் கணக்கை இடிப்பதற்கான நாட்காட்டியாக மாற்றிவிட்டோம். காரணம் கேட்டால், “சாமி இருக்கிற எடம் பெருசா இருக்க வேணாமா தம்பி?” என்பார்கள். உண்மைக் காரணம் உபயக் கல்வெட்டு. பழைய சுவருக்குச் சுண்ணாம்பு பூசியவர் பெயரை யாரும் பொறிப்பதில்லை. புது மண்டபத்துக்குப் பொறிப்பார்கள்.

இதை நான் வெளியிலிருந்து சொல்லவில்லை. பட்டம் வாங்கிய ஆண்டு எங்கள் வட்டாரக் கோயில் ஒன்றில் திருப்பணிக் குழு என்னைக் கூப்பிட்டது. “நீதான் இஞ்சினியராச்சே, இந்தச் செவுரு தாங்குமா பாரு.” முன்மண்டபச் சுவரில் ஒரு விரிசல். நான் படித்தது இயந்திரம், கட்டடம் அல்ல. அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பெரியவர்கள் முன்னால் இஞ்சினியராக நிற்பது நன்றாக இருந்தது. விரிசலை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, “இடிச்சிட்டுக் கட்டுறதுதான் சேஃப் அங்கிள்” என்றேன். அடுத்த கூட்டத்தில் ‘இஞ்சினியரே சொல்லிட்டாரு’ என்று பேசினார்களாம். மூன்று மாதத்தில் மண்டபம் போனது. என் தாத்தா மண் சுமந்த மண்டபம். ஒரு அளவுப் படம்கூட எடுத்து வைக்கவில்லை. நானூற்றைம்பது ஆண்டுக்கு முந்திய செங்கல் தூணை விச்சென்சாவில் தொட்டபோது எனக்குள் வந்தது ஆச்சரியம் மட்டும் இல்லை. அந்த ஊர் நகர மன்றம் ஐம்பது ஆண்டு யோசித்ததை நான் ஐந்து நிமிடத்தில் முடித்திருந்தேன்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. “நாம சிறுபான்மை. நிறைய கோயிலுக்கு நிலப்பட்டாவே இல்ல. தோட்டத்து நிலத்துல இருந்தது, தோட்டம் போனதும் கோயிலும் போகுது. இதுல அழகு, பாரம்பரியம்னு பேச வந்துட்டான்.” 2007 அக்டோபரில் பாடாங் ஜாவாவில் கோயில் உடைபட்டதும், அடுத்த மாதம் ஆயிரக்கணக்கானோர் தலைநகரின் தெருவில் இறங்கியதும் யாருக்கும் மறக்காது. மறுப்பு உண்மைதான். ஆனால் அது என் பக்கம்தான் சேர்கிறது. பட்டா இல்லாதவனுக்கு மிஞ்சியிருக்கும் சாட்சி அந்தப் பழைய சுவர்தான். ‘எங்கள் கோயில் நூறு வருஷம்’ என்று நாம் சொல்கிறோம். வந்து பார்க்கும் அதிகாரியின் கண்ணுக்குத் தெரிவது போன வருஷத்துச் சிமென்ட். நம் வயதுக்கான அத்தாட்சியை நாமே லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, வந்தேறி என்று யாராவது சொன்னால் கொதிக்கிறோம்.

விச்சென்சா சொர்க்கம் என்று சொல்லவில்லை. அந்த மாளிகைகளின் காசு பட்டிலும் நிலத்திலும் உழைத்தவர்களின் முதுகிலிருந்து வந்தது. பக்கத்து ஊர்த் தோல் பதனிடும் ஆலைகளில் இன்று வேலை செய்பவர்களில் இந்தியரும் வங்காளதேசிகளும் நிறைய. எட்டு மணிக்கு மேல் ஒரு தே தாரிக் கிடைக்காத ஊர் அது. நான் அங்கே குடியேறப் போவதில்லை. அம்பாங்கில்தான் இருப்பேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. உங்கள் கோயிலில், உங்கள் சங்கக் கட்டடத்தில் அடுத்த திருப்பணிக் கூட்டம் நடக்கும்போது போய் உட்காருங்கள். இடிப்பதற்கு முன் கட்டடப் பொறியாளர் ஒருவரின் அறிக்கையை எழுத்தில் கேளுங்கள், என்னைப் போன்ற ஆளிடம் வாயால் கேட்காதீர்கள். ஒவ்வொரு சுவரையும் அளந்து படம் வரையுங்கள், புகைப்படம் எடுங்கள். பழுது பார்க்க எவ்வளவு, புதிதாகக் கட்ட எவ்வளவு என்று இரண்டு மதிப்பீட்டையும் மேசையில் வைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான குழுக்கள் முதல் கணக்கைப் போட்டே பார்ப்பதில்லை.

எங்கள் கோயிலில் மிச்சம் இருப்பது பழைய மடைப்பள்ளி. செங்கல் சுவர், மேலே ஓடு. அதை இடித்துவிட்டுக் கார் நிறுத்த இடம் பண்ணலாம் என்று பேச்சு. வரும் ஞாயிறு கூட்டம். இந்த முறை என்னை யாரும் கூப்பிடவில்லை. அளவு நாடாவோடு போகிறேன்.