வழக்குரைஞர் தவறவிட்ட சொல்

முத்தாபுதுப்பேட்டையில் வாழும் எங்களுக்கு நசரத்பேட்டை அயலூர் அன்று. பூந்தமல்லியை அடுத்த அச்சிற்றூரில்தான் 1897இல் எம். பக்தவத்சலம் பிறந்தார். கொரட்டூரில் அவர் பெயரால் ஒரு மகளிர் கல்லூரி உண்டு. கிண்டியில் நினைவிடமும் உண்டு. ஆயினும் அவரைப் பற்றிய பேச்சை நாம் ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகிறோம். ஒரு சாராருக்கு அவர் தியாகி. மறு சாராருக்குத் துரோகி. சிந்திக்கும் உழைப்பிலிருந்து நம்மை விடுவிக்கும் சொற்கள் இவை. இரண்டையும் மறுக்கிறோம்.

சட்டம் பயின்று சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குரைஞரானவர் அவர். 1930இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தில் பங்கேற்றார். 1942இல் சிறை புகுந்தார். 1937இல் சட்டமன்ற உறுப்பினர், பின்னர் ஓமந்தூரார் அமைச்சரவையில் அமைச்சர், 1963 அக்டோபர் 2 முதல் முதலமைச்சர். இவற்றை மறைப்பது நேர்மையன்று.

அதே நேர்மை அடுத்த பக்கத்தையும் புரட்டச் சொல்கிறது. 1963ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம், 1965க்குப் பின்னும் ஆங்கிலம் 'தொடரலாம்' என்றது. 'தொடர வேண்டும்' என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லின் இடைவெளியைத்தான் தி.மு.க. சுட்டிக்காட்டியது. சொல்லின் பொருளை எடைபோட்டே தொழில் செய்தவருக்கு, அது வெறும் கட்சிக் கூச்சலாகக் கேட்டது எங்ஙனம்? 1964 ஜனவரியில் திருச்சியில் சின்னச்சாமி தீக்குளித்தார். அதன் பின்னரும், அவ்வாண்டு மார்ச்சில், மும்மொழித் திட்டத்தையே முதல்வர் சட்டமன்றத்தில் பரிந்துரைத்தார். 1965 ஜனவரி 27இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் மாண்டார். அயலார் ஆணையை மீறிச் சிறை சென்றவரின் ஆட்சி, தன் ஆணையை மீறிய மாணவரைச் சிறையிலிட்டது.

மொழியைச் சட்டம் ஒழுங்குச் சிக்கலாக மட்டும் கண்டதே அவர் பிழை என்போம். 1967 தேர்தலில் மக்கள் தீர்ப்பளித்தனர், அவரும் தோற்றார். அவ்வாண்டின் திருத்தச் சட்டமோ, இந்தியை ஏற்காத மாநிலங்களின் சட்டமன்றங்கள் இசையும்வரை ஆங்கிலம் நீடிக்க வழிசெய்தது. மாணவர் கேட்ட உறுதி நியாயமானதே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

தமிழ் கற்பிக்கும் நாமும் அதே பிழையைச் செய்கிறோம். 1965ஐ வீரவணக்கமாக மட்டும் சொல்லிக்கொடுத்து, அந்தச் சட்டத்தின் வாசகத்தை மாணவர் கையில் தர மறுக்கிறோம். பக்தவத்சலத்தை வசைபாடுவது எளிது. அவர் படிக்கத் தவறிய அச்சொல்லை நம் மாணவர் படிக்கக் கற்பதே அவருக்குரிய உண்மையான மறுமொழி.