மார்க் கம்மியா, ஒக்கேஷனல் போ

திருவண்ணாமலைப் பக்கம் பத்தாவது ரிசல்ட் வந்ததும் என் நண்பனுக்குக் கிடைத்த ஆலோசனை இதுதான்: ‘மார்க் கம்மி, ஒக்கேஷனல் போ.’ மோட்டார் ரிப்பேரில் அவனுக்கு இருந்த ஆர்வத்தை யாரும் விசாரிக்கவில்லை.

1978இல் மேல்நிலைக் கல்வியோடு சேர்ந்தே வந்தது தொழிற்கல்விப் பிரிவு. மிஞ்சியவர்களை மட்டும் அதில் தள்ளிவிட்டு, ‘தேர்ச்சி குறைவு, சேர்க்கை குறைவு’ என்கிறோம். பல பள்ளிகளில் ஆசிரியர் ஓய்வு பெற்றதும் பிரிவையே மூடிவிட்டோம். வடிகட்டியது நாம், தோற்றது பிள்ளைகளாம்! சாஃப்ட்வேரில் இதை பக் என்போம். இங்கே நடைமுறை என்கிறார்கள்.

பொறியியல் கலந்தாய்வில் இவர்களுக்கென்றே 2 சதவீத இடம் இருக்கிறது. சேர்க்கை நாளில் அதைச் சொல்லுங்கள். மார்க்கைப் பார்க்கும் முன், ‘உனக்கு எதுலப்பா கை வரும்?’ என்று கேளுங்கள். தேர்ச்சி சதவீதத்தைப் பிறகு பேசுவோம்.