தாய்ப்பதிவு ஒன்று போதும்

இரண்டாவது உலகத் தமிழ் மாநாடு சென்னையில் நடந்தது 1968 ஜனவரியில். அதன் கருத்தரங்கக் கட்டுரைகள் ஆர். இ. ஆஷரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு இரண்டு தொகுதிகளாக வெளிவந்ததோ 1971-இல். முனைவர் பட்ட மாணவர் ஒருவர் இத்தொகுதிகளிலிருந்து ஐந்து கட்டுரைகளை மேற்கோள் காட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். துணைநூற்பட்டியலில் மாநாட்டின் நீண்ட பெயரை ஐந்து முறை எழுத வேண்டும். ஆஷரின் பெயரும் ஐந்து முறை, உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் பெயரும் ஐந்து முறை. மூன்றாவது பதிவில் ஆண்டு 1968 ஆகிவிடும். நான்காவதில் ஆஷர், ஆசர் ஆவார். ஐந்தாவதில் ‘ப.ஆ.’ என்ற இரண்டெழுத்து விழுந்துபோய், தொகுதி முழுவதையும் அவரே எழுதியது போலத் தோன்றும்.

‘கவனமாகத் தட்டச்சு செய்யுங்கள்’ என்பதுதான் இதற்கு நெறியாளர்கள் வழக்கமாகச் சொல்லும் மருந்து. நள்ளிரவில், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க இரண்டு நாள் இருக்கும்போது, கவனம் எங்கிருந்து வரும்? ஒரே தகவலை ஐந்து இடத்தில் எழுதி வைக்கச் சொல்கிற முறையிலேயே கோளாறு இருக்கிறது. தொகுதியைப் பற்றிய விவரம் ஓர் இடத்தில் மட்டும் இருந்து, ஐந்து கட்டுரைகளும் அதைக் கைகாட்டினால் பிழைக்கு ஒரே ஒரு வாசல்தான். அந்த வாசலைக் காப்பதும் எளிது.

பட்டியல் பிழைகள் எப்படிப் பரவுகின்றன என்பதை 2003-இல் மிகயீல் சிம்கின், வானி ராய்சௌத்ரி என்ற இரண்டு கலிஃபோர்னிய ஆய்வாளர்கள் எண்ணியே காட்டினார்கள். இயற்பியலில் பேர்பெற்ற ஒரு கட்டுரையை மேற்கோள் காட்டிய சுமார் 4,300 இடங்களை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். 196 இடங்களில் விவரம் தவறு. ஆனால் வெவ்வேறு விதமான தவறுகள் 45 மட்டுமே. பக்க எண்ணில் நேர்ந்த ஒரே தவறு 78 முறை திரும்பத் திரும்ப வந்திருந்தது. 78 பேரும் தனித்தனியாக அதே எண்ணைத் தவறாக அடித்திருக்க முடியாது. ஒருவர் பட்டியலை இன்னொருவர் பார்த்து எழுதியிருக்கிறார்கள். மூலத்தை உண்மையில் படித்தவர்கள் ஐந்தில் ஒரு பங்கினர்தான் என்பது அவர்களின் கணிப்பு.

இந்த நோய்க்கு முழு மருந்து எந்த மென்பொருளிலும் இல்லை. ஆனால் பாதி மருந்து 1988-இலேயே தயாராகிவிட்டது.

டொனால்ட் நூத் தம் புத்தகத்தின் அச்சுப்படிகள் அழகில்லாமல் வந்ததில் மனம் வெறுத்து, 1970-களின் இறுதியில் டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளை உருவாக்கிய கதை பலருக்குத் தெரியும். அதன்மேல் லெஸ்லி லாம்போர்ட் கட்டிய லாடெக்கும் கணிதம் படித்தவர்களுக்குப் பழக்கமானதே. அவ்வளவாகப் பேசப்படாதவர் ஒரென் பதாஷ்னிக். ஸ்டான்ஃபோர்டில் நூத்தின் வட்டாரத்தில் இருந்த அவர் 1980-களின் நடுவில் எழுதிய பிப்டெக், நூற்பட்டியலைக் கட்டுரையிலிருந்து பிரித்துத் தனிக் கோப்பில் வைத்தது. அந்தக் கோப்பில் ஆசிரியர், தலைப்பு, ஆண்டு, பதிப்பகம் ஒவ்வொன்றுக்கும் தனிப் புலம் உண்டு. எந்த இதழுக்கு எந்த வடிவம் வேண்டுமோ அதை நிரல் பார்த்துக்கொள்ளும். கால்புள்ளியா அரைப்புள்ளியா என்று மனிதர் மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

1988-இன் பதிப்பில் பதாஷ்னிக் ‘கிராஸ்ரெஃப்’ என்று ஒரு புலத்தைச் சேர்த்தார். கட்டுரையின் பதிவில் ஆசிரியர், தலைப்பு, பக்கம் மட்டும் இருக்கும். அதோடு, ‘மற்றதெல்லாம் அந்தத் தொகுதியின் பதிவில் இருக்கிறது’ என்று ஒரு சுட்டு. நிரல் தொகுதியின் பதிவுக்குப் போய், கட்டுரையில் காலியாக இருக்கும் புலங்களை அங்கிருந்து நிரப்பிக்கொள்ளும். தொகுதியைத் தாய்ப்பதிவு என்றும் கட்டுரையைச் சேய்ப்பதிவு என்றும் சொல்லலாம். இதை விளக்கக் கையேட்டில் அவர் கற்பனையாக ஒரு மாநாட்டுத் தொகுதியை எடுத்துக்காட்டாகத் தந்தார். அதன் பதிப்பாசிரியர்கள் ஜெரால்ட் ஃபோர்டும் ஜிம்மி கார்ட்டரும்! தேர்தலில் மோதிக்கொண்ட இரண்டு அதிபர்களைக் கூட்டுப் பதிப்பாசிரியர்களாக்கிய குறும்பு மென்பொருள் கையேடுகளில் அபூர்வம்.

இந்த வசதியில் மிக நுட்பமானது ஒரு சிறு விதி. ஒரு தொகுதியிலிருந்து ஒரே கட்டுரையைத்தான் மேற்கோள் காட்டியிருக்கிறீர்கள் என்றால், தொகுதியின் விவரம் முழுவதும் அந்தக் கட்டுரையின் பதிவுக்குள்ளேயே அச்சாகும். இரண்டு கட்டுரைகளைக் காட்டினாலோ தொகுதியே தனிப் பதிவாகப் பட்டியலில் ஏறும். கட்டுரைகள் சுருங்கி, ‘இன்ன எண்ணுள்ள நூலில், இத்தனையாம் பக்கம்’ என்று நிற்கும். நல்ல பதிப்பாசிரியர் ஒருவர் கையால் செய்தாலும் இப்படித்தான் செய்வார். எம்.எல்.ஏ. நடைக் கையேடும் (சட்டமன்றத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை, இது அமெரிக்க நவீன மொழிச் சங்கம்) இதே வழக்கத்தை அனுமதிக்கிறது.

ஆனால் விதி சொல்லாமல் கொள்ளாமல் வேலை செய்கிறது. ஆஷர் தொகுதியிலிருந்து இரண்டாவது கட்டுரையைச் சேர்த்த அன்று, யாரும் மேற்கோள் காட்டாத ஒரு நூல் பட்டியலில் திடீரென்று முளைத்து, அதற்குப் பின்னால் உள்ள எண்கள் எல்லாம் ஒன்று தள்ளிப்போகும். புதிதாகப் பழகுகிறவர் கோப்பு கெட்டுவிட்டது என்று பதறுவார். இரண்டு என்ற வரம்பை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது, அதுவும் தேடினால்தான் கிடைக்கும். விதி சரியானதே, ‘இன்ன காரணத்தால் இதைச் சேர்த்தேன்’ என்று நிரல் ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

வேறு முரண்டுகளும் உண்டு. தாய்ப்பதிவு கோப்பில் சேய்களுக்குப் பின்னால்தான் வர வேண்டும். பிப்டெக் கோப்பை மேலிருந்து கீழாக ஒரே முறை படிக்கும்; தாய் தேவை என்று தெரியவரும் முன்பே அதைக் கடந்துவிட்டால் திரும்பிப் போகாது. அடுத்தது தலைப்புச் சிக்கல். தொகுதியின் தலைப்பு கட்டுரைக்கு நூல்தலைப்பு ஆக வேண்டும் என்பது அதற்குத் தெரியாது; ஒரே பெயருள்ள புலங்களைத்தான் கொடுத்து வாங்கும். எனவே தாய்ப்பதிவில் ஒரே தலைப்பை இரண்டு புலங்களில் எழுதியாக வேண்டும். ஒரு முறை எழுதினால் போதும் என்பதற்காகவே பிறந்த வசதி, இந்த இடத்தில் இரண்டு முறை எழுதச் சொல்கிறது. சுட்டு ஒரு தலைமுறைக்கு மேல் செல்லவும் செல்லாது. கட்டுரை முதல் தொகுதிக்குள், முதல் தொகுதி ஆஷரின் இரு தொகுதி வரிசைக்குள் என்று அடுக்க முடியாது.

பின்னாளில் வந்த பிப்லாடெக் என்ற தொகுப்பும் அதற்குத் துணையான பைபர் என்ற நிரலும் இவற்றையெல்லாம் சரிசெய்துவிட்டன. தாயின் தலைப்பு தானாகவே சேயின் நூல்தலைப்பாகும், வரிசை எப்படி இருந்தாலும் பாதகமில்லை, பாட்டிப்பதிவும் வைத்துக்கொள்ளலாம். தமிழுக்கு இன்னொரு லாபம் கிடைத்தது. பழைய பிப்டெக்குக்கு எழுத்து என்றால் ஒரு பைட். யூனிகோடின் வழக்கமான யூடிஎஃப்-8 வடிவத்தில் ‘க’ ஒன்றுக்கே மூன்று பைட். பெயரைச் சுருக்கச் சொன்னால் முதல் பைட்டை வெட்டிக் குப்பையாக்கிவிடும். அகர வரிசைப்படுத்தச் சொன்னால் யூனிகோடு எண்ணைப் பார்த்து ‘ந’வுக்கு அடுத்து ‘ன’வை உட்கார வைக்கும். பைபர் யூனிகோடை அறிந்தது, மொழிக்கேற்ற வரிசை விதிகளையும் பின்பற்றக்கூடியது.

இப்போது பெரும்பாலோர் வேர்டு, ஸோடேரோ என்ற வழியில் போகிறார்கள். ஸோடேரோ என்ற மேற்கோள் மேலாண்மை மென்பொருள் இலவசம், பழகவும் எளிது. யாரும் தயங்காமல் பரிந்துரைக்கலாம். ஆனால் அதில் தாய்ப்பதிவு என்ற ஏற்பாடு இல்லை. இரண்டு பதிவுகளைத் தொடர்புடையவை என்று குறிக்கலாம். ஒன்றிலிருந்து இன்னொன்று விவரத்தைப் பெறாது. ஒரு பதிவை நகலெடுத்துத் தலைப்பையும் பக்கத்தையும் மாற்று என்பதே நடைமுறை. ஆண்டு தவறாக இருந்தால் ஐந்து நகல்களிலும் திருத்த வேண்டும். முப்பது ஆண்டுக்கும் முந்தைய கருவியில் இருந்த யோசனை, அழகான புதிய கருவியில் தொலைந்துபோனது வருத்தத்துக்குரியது.

தமிழ் ஆய்வேடுகளின் அடிக்குறிப்புகளில் ‘மேலது, ப. 45’ என்ற வரியைப் பார்க்காதவர் இல்லை. அதுவும் ஒரு சுட்டுதான், கையால் எழுதிய சுட்டு. நடுவில் புதிய அடிக்குறிப்பு ஒன்றைச் செருகியதும் மேலது வேறு நூலைக் காட்டத் தொடங்கிவிடும், எழுதியவருக்குத் தெரியவே தெரியாது. எந்த நூல், எந்தப் பக்கம் என்பதை மட்டும் கொடுத்துவிட்டு, முந்தைய குறிப்பும் அதே நூலா என்று பார்க்கும் வேலையைப் பிப்லாடெக்கிடம் விடலாம்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு விதிகளுக்குப் பிறகு ஆய்வேடுகளை மின்வடிவில் தருவது கட்டாயமாயிற்று. அவை சோத்கங்கா தளத்தில் பிடிஎஃப் கோப்புகளாகக் குவிந்துகொண்டிருக்கின்றன. ஆய்வேட்டோடு பட்டியலின் தரவுக் கோப்பையும் வாங்கி வைக்கும்படி தமிழ்த் துறைகளே விதி செய்யலாம். லாடெக் தெரியாதவர்களும் ஸோடேரோவிலிருந்து அந்தக் கோப்பை இறக்கித் தரமுடியும் என்பதால் யாரும் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை.

அதற்கு முன்னால் நூலகம் ஒன்று செய்யக்கூடிய சிறு வேலை இருக்கிறது. கோலாலம்பூர் 1966, சென்னை 1968, பாரிஸ் 1970, யாழ்ப்பாணம் 1974, மதுரை 1981 என்று தொடங்கி உலகத் தமிழ் மாநாட்டுத் தொகுதிகள் ஒவ்வொன்றுக்கும் சரிபார்த்த தாய்ப்பதிவு ஒன்றை எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிடலாம். தொகுதிக்குப் பத்து வரிக்கு மேல் ஆகாது. மாநாடு நடந்த ஆண்டு வேறு, அச்சான ஆண்டு வேறு என்பதால், யாருடைய பட்டியலையும் பார்த்து எழுதாமல், அலமாரியிலிருந்து தொகுதியை எடுத்துத் தலைப்புப் பக்கத்தைப் பார்த்துத்தான் அந்தப் புலத்தை நிரப்ப வேண்டும்.